அரக்குத் தாளில் வந்த முகம்

1. மடிக்கிற மேஜை

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணி. மூவாயிரம் கேட்டலாக் தாள்கள் மடிப்பதற்குத் தயாராக மேஜை மேல் இருந்தன. முதல் கட்டின் மேல் தாளை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அதில் ஒரு பெண் இருந்தாள்.

அந்தப் பக்கத்தில் நாங்கள் அச்சடித்தது வெறும் அரக்கு நிறம். கீழ் மூலையில் தங்க மையில் கடையின் பெயர். அவ்வளவுதான். தாளை நேராகப் பிடித்தேன். அரக்கு மட்டும் இருந்தது. மறுபடி சாய்த்தேன். நடு வகிடு, அகலமான நெற்றி, மூக்குத்தி, மூடிய உதடு. நிறத்தில் துளி மாற்றமில்லை. மற்ற இடம் பளபளப்பாகவும் அவள் இருந்த இடம் மட்டும் மங்கலாகவும் இருந்தது. பட்டுப் புடவையில் ஈரக் கை பட்டுக் காய்ந்த இடம் தெரியுமே, அப்படி.

தாளைக் கவிழ்த்து வைத்தேன். தண்ணீர் குடித்தேன். பிறகு நோட்டில் எழுதினேன்: ‘கட்டு ஒன்று, மேல் தாள், முகம்.’ எழுதி வைத்தால் பயம் வேலையாகிவிடும் என்பது என் பழக்கம்.

ஆரணியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். பிரிண்டிங் டெக்னாலஜி டிப்ளமோ படித்தவள். டிசைன், பிளேட், தரம் பார்ப்பது மூன்றும் என் பொறுப்பு. விளம்பர அச்சு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த நிகழ்ச்சி என்னுடைய மூன்றாம் வருடத்தில், ஐப்பசி மழையில் நடந்தது.

2. ஒரே வாரத்தில் இரண்டு வேலை

ஏகாம்பரம் ஐயா ஊரில் தெரிந்த பட்டுக்காரர். முள்ளிப்பட்டில் வீட்டுத் தறிகளுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்துப் புடவை நெய்து வாங்குகிறவர். அதுவரை மொத்தமாக வெளியூர்க் கடைகளுக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார். அவருடைய மகள் நித்யா கண்ணமங்கலத்தில், வேலூர் ரோட்டில் சொந்தமாக ஒரு ஷோரூம் திறக்க நினைத்தாள். சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். எட்டு மாதமாகத் தறிக்காரர்கள் அந்தக் கடைக்கென்றே நெய்துகொண்டிருந்தார்கள்.

ஆனால் நித்யாவின் அம்மா லோகநாயகி இறந்து ஒரு வருடம் முடியவில்லை. வருஷத் திதி முடிந்த பிறகுதான் சுபகாரியம் என்பது வீட்டு வழக்கம். அதனால் திதிக்கு அடுத்த வெள்ளிக்கிழமை திறப்பு விழா என்று நாள் குறித்தார்கள். இரண்டு வேலையும் ஒரே நாளில் எங்களிடம் வந்தன. ஒன்று, முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போஸ்டர், ஒரு கலர், கறுப்பு. இன்னொன்று, கடைக்கான கேட்டலாக். மடித்தால் கை அளவு, விரித்தால் போஸ்டர் அளவுக்கு ஒரே தாள். உள்பக்கம் புடவைப் படங்கள். வெளிப்பக்கம் முழுவதும் அரக்கு.

எங்கள் மெஷின்மேன் கரீம் பாய் ஆர்டர் சீட்டைப் பார்த்ததுமே சொன்னார்.

“இன்னா சார் இது, சாவுப் போஸ்டரும் கட தெறக்கறதும் ஒரே வாரத்துல? ஒரே மெஷின்ல?”

முதலாளி தனபால் சார் சிரித்தார். “பாய், மெஷினுக்கு நல்லது கெட்டது தெரியுமா? ஜல்தியா ஓட்டுங்க, போதும்.”

நித்யா ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். “எங்க அம்மா கல்யாணப் புடவ அரக்குங்க. அதே கலர் வரணும். கொஞ்சம் கூட மாறக் கூடாது.”

புதிதாக வருகிறவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். கஸ்டமர் போனில் படம் காட்டி ‘இந்தக் கலர்’ என்றால் தலையாட்டாதீர்கள். திரையில் தெரிவது வெளிச்சம், தாளில் விழுவது மை. பொருளையே கொண்டுவரச் சொல்லுங்கள். நித்யா அந்தப் புடவையைக் கொண்டுவந்தாள். அதன் முந்தானையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கரீம் பாய் மூன்று முறை மை கலந்தார். நான்கு கலரைச் சேர்த்து அரக்கு வரவழைத்தால் ஓட ஓட ஏறும், இறங்கும். தனியாகக் கலந்த மையானால் நிற்கும். மூன்றாவது முறை, புடவை எங்கே முடிகிறது, மை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நித்யா அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை வெகுநேரம் துடைக்காமலே நின்றிருந்தாள்.

புதன்கிழமை போஸ்டர் ஓடியது. வியாழக்கிழமை அரக்கு ஓடியது. சனிக்கிழமை கட்டுகளைத் தட்டி எண்ணினோம். அன்று நானே மாதிரி பார்த்தேன். ஒரு தாளிலும் குறை இல்லை. இதை உறுதியாகச் சொல்கிறேன்.

3. “சிரிக்கல”

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். நான் நோட்டில் எழுதி முடிப்பதற்குள் ஏகாம்பரம் ஐயாவும் நித்யாவும் முதல் கட்டைப் பார்த்துவிட்டுப் போக வந்துவிட்டார்கள். தனபால் சார் அவர்களை நேராக மேஜைக்கே அழைத்து வந்தார். நான் தடுப்பதற்கு முன்னால் ஐயா அந்தத் தாளை எடுத்து, கண்ணாடி கொண்டுவரவில்லை என்று வாசல் வெளிச்சத்துக்குப் போனார்.

நேராகப் பிடித்தபோது திருப்தியாகத்தான் பார்த்தார். “தோ, அப்படியே அவ பொடவ” என்றார். மடிக்கத் தெரியாமல் தாளைச் சாய்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

“லோகா” என்றார். கூப்பிடுவது போல இல்லை. பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசுவது போல இருந்தது.

நித்யா போய்ப் பார்த்தாள். அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தனபால் சாரும் பார்த்தார். அவருக்கு வியர்த்துவிட்டது. ஆனால் வியாபாரி, சட்டென்று வாய் வந்துவிடும்.

“அம்மாவே வந்து ஆசீர்வாதம் பண்ணிட்டாங்க ஐயா! யாருக்குக் கெடைக்கும் இந்த மாதிரி?”

“ஆசீர்வாதமா?” ஐயா தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “சிரிக்கலயே. நல்லா பாரு. சந்தோஷமா வந்தவ மூஞ்சா இது?”

“அப்பா, அது பேப்பர்” என்றாள் நித்யா.

“உயிரோட இருக்கிறப்பவே சொன்னா. வெளியில கட வேணாம், பொண்ணு தனியா போய் உக்காந்துகினு இருப்பான்னு. நாந்தான் ஒரு வருசம் முடிஞ்சிட்சே, மனசு மாறியிருக்கும்னு நெனச்சிகினேன்.” தாளை மடிக்காமல் மேஜையில் வைத்தார். “வேணாம்மா. கட எடத்துக்காரர்கிட்ட சாவிய குடுத்துடலாம்.”

நித்யா அழவில்லை. என்னைப் பார்த்தாள். அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. “நீங்க படிச்சவங்கதானே. இது ஏங்க வந்துச்சு? சொல்லுங்க.”

எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு ஊகம் இருந்தது. ஊகத்தை வைத்து அந்த மனிதரிடம் பேச முடியாது.

“நாளைக்குக் காலைல பத்து மணிக்குச் சொல்றேங்க” என்றேன். “அது வரைக்கும் சாவியக் குடுக்காதீங்க ஐயா.”

ஐயா தலையை அசைத்தார். “பத்து மணி வரைக்கும்தாம்மா.”

4. முப்பது

அவர்கள் போனதும் மெஷினை நிறுத்தச் சொன்னேன். வரிசையாக விலக்கிக்கொண்டே போக வேண்டும் என்று எங்களுக்குக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அரக்கு பிளேட்டை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சுத்தம். பிளேட்டிலிருந்து மையை வாங்கித் தாளில் பதிக்கிற ரப்பர் பிளாங்கெட்டில் முந்தைய வேலையின் தடம் நிற்பதுண்டு. பாயிடம் இருபது தாள் புதிதாக ஓட்டச் சொன்னேன். ஒன்றிலும் முகம் இல்லை. அப்படியானால் முகம் மெஷினில் வரவில்லை. அச்சான பிறகு, அடுக்கி வைத்த இடத்தில் வந்திருக்கிறது.

அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. யாரும் தொடாமல், மழை பெய்துகொண்டிருந்த நான்கு நாளில், கட்டுக்குள்ளே இருட்டில் அது தானாக வந்திருக்கிறது.

மூவாயிரம் தாளையும் ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தேன். முதல் தாளுக்குப் பிறகு தொண்ணூற்றொன்பது தாள் சுத்தம். அடுத்ததில் அவள். மறுபடி தொண்ணூற்றொன்பது. மறுபடி அவள். எண்ணிக்கை ஒருமுறைகூடத் தவறவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு முப்பது தாள் தனியாக வந்தன; ஓரத்தில் பென்சிலால் வரிசை எண் போட்டேன். அவற்றை மேஜை, பெஞ்ச், தரை என்று பரப்பினேன். நின்று பார்த்தால் முப்பது அரக்குத் தாள். உட்கார்ந்தால் ஒவ்வொரு தாளிலும் அவள் தெரிய ஆரம்பித்தாள். வாசல் பக்கம் போய்த் திரும்பினால் முப்பது பேரும் ஒரே நேரத்தில் இருந்தார்கள். சிலவற்றில் கண் மட்டும் தெளிவாக இருந்தது. காலையில் பார்த்த தாளை மறுபடி எடுத்தேன். காலையில் இல்லாத காது இப்போது இருந்தது.

லேமினேஷன் பார்க்கிற அமுதா அக்கா டிபன் பாக்ஸோடு உள்ளே வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். “அடியே வினோ, இத்தினி பேரையும் இன்னாத்துக்குடி கூப்ட்டு உக்கார வெச்சிருக்க? எனக்குச் சோறு எறங்குமா?” வெளியே போய் மழையில் நனைந்துகொண்டே சாப்பிட்டார்.

நினைவஞ்சலி போஸ்டரின் ஃபைலைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். அதே முகம், அதே அளவு. ஒரே ஒரு வித்தியாசம் இருந்தது. போஸ்டரில் மூக்குத்தி வலது பக்கம். தாளில் இடது பக்கம். கண்ணாடியில் பார்ப்பது போல மாறியிருந்தது.

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. இடவலம் மாறிய முகம் என்றால், போஸ்டரும் அரக்குத் தாளும் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் படுத்திருந்தன என்று அர்த்தம்.

5. கரீம் பாய் சொன்னது

“பாய், வியாழக்கிழம நூறு நூறா எறக்கி வெச்சீங்களா?”

“பின்ன? மழைல அவ்ளோ மை போட்டா காயவே காயாதும்மா. ஒரே அடுக்கா வெச்சா வெயிட்டுல ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டிக்கும். நூறு நூறா எறக்கி, கொஞ்சம் ஆறினப்புறம் ஒவ்வொரு நூறு மேலயும் ஒரு வேஸ்ட்டு பேப்பரு வெச்சி அடுக்குவேன்.”

“இன்னா வேஸ்ட்டு?”

பாய் கையில் இருந்த துணியால் துடைத்த இடத்தையே துடைத்தார்.

வேஸ்ட் தாள் எல்லா அச்சகத்திலும் உண்டு. மெஷின் சரியான அழுத்தத்துக்கு வரும்வரை ஓடுகிற தாள்கள் அவை. அவற்றைத் தூக்கிப் போடுவதில்லை. அடுத்த வேலைக்குச் சோதனை ஓட்டவும், கட்டுகளுக்கு நடுவில் வைக்கவும் பயன்படுத்துவோம். புதன்கிழமை போஸ்டரில் கறுப்பு அதிகமாக விழுந்து வீணானவைதான் வியாழக்கிழமை கைக்கு அருகில் இருந்திருக்கின்றன.

அன்று காலை கட்டுகளை மேஜைக்கு ஏற்றும்போது உருவிப் பின்பக்கச் சாக்கில் போட்டிருந்த தாள்களை பாய் கொண்டுவந்து மேஜையில் போட்டார். எல்லாம் லோகநாயகி அம்மாள். எண்ணினோம். இருபத்தொன்பது.

“முப்பது இருக்கணுமே பாய்.”

“இருபத்தொம்போதுதான். கடசி நூறு மேல இது வெக்கல. கட்டு முடிஞ்சிட்சின்னு பிரவுன் பேப்பரு போத்திட்டேன்.”

நோட்டில் 29 என்று எழுதி, பக்கத்தில் 30 என்றும் எழுதினேன். எங்கோ ஒன்று தவறியிருக்கும் என்று அப்போது நினைத்தேன்.

“சரி பாய், இத எந்தப் பக்கமா வெச்சீங்க?” என்று கேட்டேன். விஷயம் முழுவதும் அதில்தான் இருந்தது. அச்சான தாள் மெஷினிலிருந்து அரக்கு மேலே தெரியும்படி வந்து விழும். அதன் மேல் போஸ்டரை முகம் மேலே இருக்கும்படி வைத்திருந்தால், அரக்கில் படுவது போஸ்டரின் வெள்ளை முதுகு. எதுவும் ஆகியிருக்காது. மற்ற வேஸ்ட் தாளையெல்லாம் அவர் அப்படித்தான் வைப்பார். நானே பார்த்திருக்கிறேன்.

பாய் என்னைப் பார்க்காமல் சொன்னார். “மூஞ்சி மேல இருந்தா, அது மேல நூறு பேப்பரு அடுக்கணும். நாம கைய வெக்கணும், தட்டணும். அந்தம்மாவ எனக்குத் தெரியும்மா. போன தீவாளிக்கு முந்தின தீவாளி பில்லு புக்கு அடிக்க வந்தாங்க. டீ சொன்னேன், சக்கர இல்லாம குடிச்சாங்க. மனசு வரல. மூஞ்சிய கவுத்து வெச்சேன்.”

மை காயும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயு வெளியேறும். கனமாக விழுந்த, காயாத கறுப்பு மை, காயாத இன்னொரு மையின் மேல் நாள் கணக்கில் படுத்திருந்தால், அந்த வாயு கீழே இருக்கிற மையின் பளபளப்பைத் தின்றுவிடும். உடனே தெரியாது. மை முழுவதும் காயக் காயத்தான் துலங்கும். இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

6. தனபால் சாரின் யோசனை

சாரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“வினோதினி, நீ சொல்றது கரெக்டு. ஆனா வெளிய சொல்லாத.”

“ஏன் சார்?”

“செத்துப்போன வூட்டம்மா போட்டோவ வேஸ்ட்டுல போட்டு, கட்டுக்கு நடுவுல திணிச்சோம்னு அந்த மனுசன் கிட்ட சொல்லப்போறியா? பட்டுக்காரங்க அத்தினி பேரும் நம்ம கஸ்டமரு. ஒருத்தருக்குத் தெரிஞ்சா பஜாரே பேசும். பாய வெச்சிகினு இருக்க முடியுமா? அம்மா வந்தாங்கன்னே இருக்கட்டும். நம்பறவங்க நம்பிட்டுப் போறாங்க. நமக்கு இன்னா பேஜாரு?”

அவர் கெட்ட மனிதர் இல்லை. மழையில் வேலை இல்லாத மாதத்திலும் எங்கள் சம்பளத்தைத் தள்ளிப் போடாதவர். ஆனால் அவர் சொன்னபடி விட்டால், செத்துப்போன ஒரு பெண்ணின் மேல் பழியைப் போட்டு, உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணின் கடையை நாங்கள் மூடுகிறோம்.

“சார், நான் வாயால சொன்னா அவரு நம்பமாட்டாரு. செஞ்சு காட்டறேன். அதுவும் வரலன்னா நீங்க சொன்னபடி விட்டுடலாம்.”

சார் அரைமனதாகத் தலையாட்டினார். எதை வைத்துச் செய்து காட்டுவது? ஏதாவது எழுத்தை வைத்தால் போதாது. முகம் வந்ததுதான் ஐயாவுடைய பயம். முகம்தான் வேண்டும். என் கம்பெனி ஐடி கார்டு போட்டோவைப் பெரிதாக்கினேன். நோட்டீஸ் அடிக்கிற சின்ன மெஷினுக்கு லேசர் பிரிண்டரிலேயே பிளேட் எடுத்துவிடலாம். கறுப்பை அதிகமாக விட்டு, என் முகத்தைப் பத்துத் தாள் அடித்தேன்.

அமுதா அக்கா பார்த்துவிட்டார். “ஐயோ, உசுரோட இருக்கறவ போட்டோவ எவளாச்சும் இப்படிக் கறுப்புல அடிப்பாளா? உங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னத்தாண்டி திட்டுவாங்க!”

“பாஸ்போர்ட் போட்டோலயும் நான் கறுப்பாத்தான்க்கா இருக்கேன்” என்றேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. ஆனால் அந்தத் தாள்களை அவர் கண்ணில் படாமல் நகர்த்தி வைத்தேன்.

மீதியிருந்த அரக்கு மையில் பாய் பத்துத் தாள் ஓட்டிக் கொடுத்தார். ஒவ்வொன்றின் மேலும் என் முகத்தைக் கவிழ்த்து வைத்தேன். சூடு இருந்தால் நான்கு நாள் வேலை ஒரு நாளில் ஆகலாம் என்று கணக்கு. பாலிதீனில் சுற்றி, லேமினேஷன் மெஷினின் சூடான மேல்தட்டில் வைத்துப் பலகை ஏற்றினேன். வருமா என்று உண்மையாகவே தெரியாது. சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டேன்.

7. புதன்கிழமை, பத்து மணி

எட்டரைக்கே வந்து பிரித்தேன். கவிழ்ந்திருந்த தாளை உரித்து, அரக்கைச் சாய்த்தேன்.

நான் இருந்தேன். தெளிவாக இல்லை. நெற்றியும் ஒரு புருவமும் தாடையும். மற்ற இடம் அரக்குக்குள் இன்னும் வரவில்லை. என்னை நானே தண்ணீருக்கு அடியில் பார்ப்பது போல இருந்தது. சோதனை வெற்றி என்று நோட்டில் எழுதினேன். ஆனால் அந்தத் தாளைக் கையில் வைத்திருக்க முடியவில்லை. மேஜையில் வைத்துவிட்டேன்.

பத்து மணிக்கு இருவரும் வந்தார்கள். ஐயாவின் சட்டைப் பையில் கடைச் சாவி இருந்தது. ரப்பர் பேண்ட் போட்டு, கொடுப்பதற்குத் தயாராக வைத்திருந்தார்.

நான் முதலில் என் முகத்தைத்தான் கொடுத்தேன். ஐயா சாய்த்துப் பார்த்தார். தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது நீயா?”

“ஆமாங்க. நேத்து மத்தியானம் வெச்சேன்.”

“உயிரோட இருக்கறப்பவே…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

“உயிரு போனதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க. மைக்கு அது தெரியாது. ஐயா, அம்மாவுக்கு மூக்குத்தி எந்தப் பக்கம்?”

“வலது.”

நேற்றைய தாளை அவர் கையில் கொடுத்தேன். சாய்த்தார். வெகுநேரம் பார்த்தார். “இதுல இடது” என்றார் மெதுவாக.

எப்படி மாறியது என்று சொல்ல வாயெடுத்தேன். தனபால் சார் கண்ணால் தடுத்தார். அதற்குள் கரீம் பாய் மெஷின் பக்கத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்துவிட்டார்.

“நான் பண்ண தப்புங்க ஐயா. அம்மா போஸ்டர்ல வீணானத கட்டு மேல வெச்சிட்டேன். மூஞ்சி மேல பேப்பரு அடுக்க மனசு வரல. கவுத்து வெச்சேன். அதான் பதிஞ்சிட்சி. இந்தப் பொண்ணு மேலயும் மொதலாளி மேலயும் தப்பில்ல.”

மழைத் தண்ணீர் தகரத்திலிருந்து வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் என்னை அறியாமல் சொட்டுகளை எண்ணினேன். பதினொன்று வரை போனேன்.

“கவுத்து வெச்சீங்களா?” என்றார் ஐயா.

“ஆமாங்க.”

“அவளுக்கு மூஞ்சி மேல எதுவும் படக் கூடாது பாய். மார்கழிப் பனியிலகூட போர்வைய கழுத்தோட நிறுத்திப்பா.” கையிலிருந்த தாளை அரக்கு மேலே தெரியும்படி மேஜையில் வைத்தார். “கடசி நாளு துணி போத்தறப்ப எனக்கு அதான் ஞாபகம் வந்துட்சி. சொல்ல முடியல.”

பாயின் தோளைத் தொட்டார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, ரப்பர் பேண்டைக் கழற்றி, நித்யாவிடம் கொடுத்தார். “நாளைக்கே போய் வெளக்கெல்லாம் போட்டுப் பாரு. மழைல ஒயரிங் எப்படிக் கீதோ.” நித்யா சாவியை வாங்கிக் கையை மூடிக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள்.

8. முப்பதாவது

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்குச் சௌகரியம்.

முகம் வந்த தாள்களை எங்களிடம் விட்டுவிட்டுப் போக ஐயாவுக்கு மனமில்லை. “எல்லாத்தையும் குடுங்க, நான் எடுத்துகினு போறேன்” என்றார். உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்து அடுக்கினார். “இடது… இடது… இடது…” என்று சின்னக் குரலில் சொல்லிக்கொண்டே போனார். பயம் போய்விட்டது என்று தன்னிடமே சொல்லிக்கொள்வது போல இருந்தது. கடைசித் தாளில் நின்றுவிட்டார்.

“தோ பாரும்மா.”

பார்த்தேன். மூக்குத்தி வலது பக்கம் இருந்தது. இந்தத் தாளில் காதும் கழுத்தும்கூட இருந்தன. போஸ்டர் படம் கழுத்துக்கு மேலேயே முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. ஃபைலைத் திறந்து பார்த்தேன். அப்படித்தான் முடிந்திருந்தது.

தாளின் ஓரத்தில் நான் பென்சிலில் போட்டிருந்த எண்ணைப் பார்த்தேன். முப்பது. கடைசி நூற்றின் மேல் தாள். பாய் பிரவுன் பேப்பர் போர்த்திய தாள்.

ஐயா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதுவும் அப்படிப் பதிஞ்சதுதானா?”

தனபால் சார் என் பின்னால் நின்றிருந்தார். ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒருமுறை பதிந்தால் பக்கம் மாறும், இரண்டு முறை பதிந்தால் நேராகும், நடுவில் இன்னொரு தாள் இருந்திருக்கும் என்று அழகாகச் சொல்லிவிடலாம். ஆனால் அப்படி ஒரு தாள் எங்களிடம் இல்லை. கழுத்துக்கு என்ன பதில்?

“மத்த இருபத்தொம்போதும் எப்படி வந்துதுன்னு எனக்குத் தெரியும்ங்க” என்றேன். “இது எப்படி வந்துதுன்னு தெரியல.”

சாவி போய்விடும் என்று நினைத்தேன். நித்யாவும் கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். ஐயா தாளைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் சாய்த்தார்.

“தெரியலன்னு சொன்னியே, அது போதும்” என்றார். “இதுல மூஞ்சி அவ்ளோ கோவமா இல்ல.”

இருபத்தொன்பதை மடித்துக் கட்டினார். முப்பதாவதை மட்டும் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டார்.

9. அதன் பிறகு

வெள்ளிக்கிழமை திறப்பு விழாவுக்குப் போனேன். கல்லாவுக்குப் பின்னால், கண்ணாடி இல்லாத சட்டத்தில் வெறும் அரக்குத் தாள் ஒன்று மாட்டியிருந்தது. புடவை நிறத்துக்குப் பொருத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று வந்தவர்கள் நினைத்தார்கள். எதிரில் நின்றால் ஒன்றும் தெரியாது. கிளம்பும்போது வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். பிறகு பஸ்ஸுக்கு நடந்தேன். கடை இன்றும் நன்றாக நடக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை அவர்கள் கேட்டலாக்கை நாங்கள்தான் அடிக்கிறோம்.

இதிலிருந்து நான் வைத்துக்கொண்ட வழக்கங்கள் சில. கட்டுக்கு நடுவில் வைக்க வெள்ளைத் தாளைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. கனமான நிறம் ஓடினால் மழைக்காலத்தில் நான்கு நாள் பொறுத்து, சாய்த்துப் பார்த்த பிறகுதான் கொடுக்கிறேன். நினைவஞ்சலியில் வீணான தாள்களை பாயே தனியாக எடுத்துப் போய்விடுகிறார். எங்கே என்று நான் கேட்டதில்லை. தப்பு நடந்தால் கஸ்டமருக்குக் காரணத்தைச் சொல்கிறோம், அது நமக்கு அவமானமாக இருந்தாலும். தெரிந்த இடம் வரைக்கும் சொல்லி, தெரியாத இடத்தில் நிறுத்திக்கொள்கிறோம். இந்தக் கடைசி வழக்கம்தான் கஷ்டம். படித்தவர்களுக்கு இன்னும் கஷ்டம்.

என் முகம் பதிந்த தாள் ஒன்று என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. வேஸ்ட்டில் போட மனம் வரவில்லை. மை காய்ந்து மூன்று வருடம் ஆகிறது. மை காய்ந்த பிறகு எந்த மாற்றமும் இருக்கக் கூடாது. அன்று வராத வலது கண் இப்போது வந்திருக்கிறது. அதைப் பார்த்த தேதியை மட்டும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். காரணம் என்கிற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.